இரண்டாம் நாள் சோறு

துப்பாக்கிச் சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று கோமதி நினைத்ததே இல்லை. நமத்துப்போன ஓலைவெடி மாதிரி ஒரு பட். அவ்வளவுதான். மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி அதே மரத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டன, ஏதோ ஆளில்லாத வீட்டைத் தட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் மாதிரி. அவள் கையில் சோப்பு அப்படியே இருந்தது. கூடாரத்துக்கு வெளியே முக்காலியில் வைத்திருந்த தகரப் பேசினில் முகம் கழுவிக்கொண்டிருந்தவள், சமையல் கொட்டகைப் பக்கம் ஒரு பெண் அலறியதும், யாரோ தட்டைத் தட்டியதும், அந்தப் பட் என்ற சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, சோப்புக் கையோடு ஓடியிருந்தாள். ஓடியிருக்கக் கூடாது. காட்டு மிருகம் பார்க்க வருகிறவர்கள் தங்கும் இந்த முகாமில் தனியாக யாரும் எங்கேயும் ஓடக் கூடாது. முள்வேலி வரைக்கும் போய் நின்றாள். அந்தக் குரங்கு மல்லாந்து கிடக்கவில்லை, குப்புறவும் கிடக்கவில்லை, களைத்துப்போய்ச் சாய்ந்துகொண்ட மாதிரி ஒருபக்கமாகக் கிடந்தது. மஞ்சள் கலந்த பழுப்பு முடி. கை விரித்திருந்தது. உள்ளங்கை கறுப்பு, ரேகை எல்லாம் இருந்தது, இவ்வளவு ரேகை இருக்கும் என்று யார் கண்டது. வாயோரத்து முடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. வெள்ளைப் பருக்கை. காவலர் ஜோசப் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்து, ஒரு குச்சியால் அந்தப் பருக்கையைத் தொட்டுக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து என்னவோ சொன்னார். சுவாஹிலி. அதில் ஒரு சொல் அவளுக்குப் புரிந்தது. வாலி. சோறு. தான்சானியாவுக்கு வந்த எட்டு மாதத்தில் அவள் கற்றுக்கொண்ட இருபது முப்பது சொற்களில் முதல் சொல் அதுதான். எல்லோரும் சமையல்காரர் மஷாகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மஷாகா கையில் கரண்டியோடு நின்றார். கோமதி திரும்பி நடந்து வந்து கூடாரத்து வாசலில் கித்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி பத்தரை இருக்கும். கையில் சோப்பு காய ஆரம்பித்தது. கழுவ வேண்டும், எழுந்து இரண்டு அடி வைத்தால் பேசின், கழுவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பருக்கையில் எள் இருந்ததா? ஒரே ஒரு பருக்கை. அதில் எள் எப்படி இருக்கும். ஆனால் கையில், அந்தக் கறுப்பு உள்ளங்கையில், எள் ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரியாது. கறுப்பில் கறுப்பு. தெரிந்தால் நல்லதா, தெரியாவிட்டால் நல்லதா என்று யோசித்தாள், யோசனை அங்கேயே நின்றது, சகதியில் மாட்டின சக்கரம் மாதிரி அதே இடத்தில் சுற்றியது. எள் இருந்தால் அது சமையல் கொட்டகைச் சோறு இல்லை. எள் இருந்தால் மஷாகா இல்லை. எள் இருந்தால். தோல் சோப்பால் இழுத்துப் பிடித்தது. ராஜவேல் வந்துகொண்டிருந்தான். அவன் நடையிலேயே செய்தி இருந்தது. கல்யாணம் ஆகி எட்டு மாதத்தில் அவள் அவனிடம் பேசியதைவிட அவனைப் பார்த்ததுதான் அதிகம்; நல்ல செய்தி என்றால் கைவீசி வருவான், கெட்ட செய்தி என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். பின்னால் கட்டியிருந்தான்.

"துணி தொவைக்கிற அந்தப் பொண்ணு, சலோமே, அவ முழங்கையில கடிச்சிருக்கு. நல்ல ஆழம். ஜீப்புல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நாலு மணி நேரம் ஆகுமாம். நீ எதுக்கு அங்க வந்த?"

"சத்தம் கேட்டுச்சு."

"சத்தம் கேட்டா ஓடி ஒளியணும். சத்தத்தப் பாத்து ஓடுத ஒரே ஆளு நீதான்." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "சோத்து ருசி கண்ட குரங்கு பயம் விட்டுப்போச்சுன்னு சொல்லுதான் அந்த ஜோசப். வளந்த ஆண் குரங்கு. ஒருதரம் மனுசனக் கடிச்சிட்டா விட்டு வைக்க மாட்டாங்களாம். மஷாகா மிச்சச் சோத்தக் குழியில கொட்டிட்டு மூடாம விட்டிருக்காரு. மானேஜரம்மா அவர ரெண்டு மணி வண்டியில அனுப்புதாங்க."

"அனுப்புதாங்கன்னா?"

"அனுப்புதாங்கன்னா அனுப்புதாங்க. வேலை போச்சு. பதினோரு வருசமா இருக்காராம், பாவம்." சோப்புக் கையைப் பார்த்தான். "கையக் கழுவு மொதல்ல."

பதினோரு வருசம். அவள் கழுவினாள். பேசின் தண்ணீர் கலங்கியது. முந்தாநாள் வந்து இறங்கியபோது மானேஜர் நெய்மா, நல்ல உயரம், தலையில் மஞ்சள் துணி, ஆறு கூடாரத்துக்காரர்களையும் கொட்டகையில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் விதிகள் சொன்னாள். கூடாரத்துக்குள் தின்பண்டம் கூடாது. ஒரு பிஸ்கட் கூடக் கூடாது. மிருகத்துக்கு எதையும் கொடுக்கக் கூடாது. "நீங்கள் கொடுப்பது பழம் இல்லை, தோட்டா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோமதியும் சிரித்தாள், சத்தம் வராமல். மஷாகா அவள் கறி சாப்பிடமாட்டாள் என்று கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்களிடமிருந்து சிங்கத்துக்கு ஆபத்து இல்லை மேடம், சிங்கத்திடமிருந்து உங்களுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாது," என்றார். அவளுக்காக மட்டும் தனிப் பாத்திரத்தில் பீன்ஸ் வேகவைத்தார். அதைச் சொல்லிக்கொள்ளவில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர். நீங்கள் கொடுப்பது பழம் இல்லை. அவள் பழம் கொடுக்கவில்லை. அவள் மிருகத்துக்கும் கொடுக்கவில்லை. அவள் காக்கைக்கு வைத்தாள். காக்கைக்கு வைப்பது கொடுப்பது ஆகாது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தினமும் அம்மா வைக்கிறாள், எதிர்வீட்டில் வைக்கிறார்கள், தெருவே வைக்கிறது, அதற்குத் தீனி போடுவது என்று யாராவது சொல்வார்களா? இப்படி நெய்மாவிடம் சொல்லிப் பார்த்தாள், மனதுக்குள், ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் அது தீனி போடுவது மாதிரிதான் கேட்டது.

நேற்று அமாவாசை. முந்தாநாள் வரும் வழியில், காட்டுக்குள் சிக்னல் அற்றுப்போவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவின் குரல்செய்தி வந்தது. "வியாழக்கெழம அமாவாசை. அப்பாவுக்கு மொத வருசம். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, ஊர்விட்டு ஊர் போற நேரத்துல. சித்தப்பா பாத்துக்கிடுவான்." சித்தப்பா பார்த்துக்கொள்வார். அப்பாவை எரித்த அன்றைக்கும் சித்தப்பாதான் பார்த்துக்கொண்டார். பதினாறாம் நாள் மொட்டைமாடியில் இலை போட்டு, சோறு வைத்து, எள் தூவி, சித்தப்பா கா கா என்று கூப்பிட்டார், அப்பாவுக்கும் அவருக்கும் இரண்டு வருசமாகப் பேச்சு இல்லை, காக்கை வரவில்லை. அரைமணி நேரம். பசியில் எல்லோரும் நின்றார்கள். மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற கோமதிக்கு, நான் வைக்கிறேன் சித்தப்பா, ஒருதரம் நான் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. வந்து நின்றது. அப்பா சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், மைக் இல்லாத நாளிலும் ராஜபாளையம் வண்டி புறப்படுகிறது என்று அவர் சொன்னால் ராஜபாளையத்துக்கே கேட்கும் என்பார்கள். அவர் பெண் கல்லூரியில் வருகைப்பதிவுக்கு "உள்ளேன்" என்று சொன்னது கேட்காமல் ஒரு பருவம் முழுக்கப் பாதி நாள் ஆப்சென்ட். மார்க் இருந்தது, குரல் இல்லை. கடைசியில் யாரோ இலையைத் தெருவுக்குக் கொண்டுபோய் வைக்க, ஏதோ ஒரு காக்கை கொத்தியது. அது அப்பா இல்லை. அவளுக்குத் தெரியும். பசித்த ஏதோ ஒரு காக்கை.

அதனால் நேற்று வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கைப்பிடிச் சோற்றைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துவந்து, ராஜவேல் கண்ணயர்ந்த நேரத்தில், கூடாரத்துக்குப் பின்னாலிருந்த தட்டைக் கல்லில் வைத்தாள். வீட்டிலிருந்து எடுத்துவந்த எள்ளைத் தூவினாள். இந்த ஊரிலும் காக்கை உண்டு, நெஞ்சு வெள்ளை, கறுப்புக் கோட்டுக்குள் பனியன் போட்ட மாதிரி. இரண்டு மரத்தில் உட்கார்ந்திருந்தன. கா கா என்று கூப்பிட்டாள். அவளுக்கே கேட்கவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டாள். காக்கை வரவில்லை. புதர் விலகியது. அது வந்தது. அவள் அசையவில்லை, பயத்தில் அசையவில்லை, அது அவளைப் பார்க்கவே இல்லை. நேரே கல்லுக்கு வந்து, உட்கார்ந்து, இடது கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டது. யாராவது பார்த்தால் வெட்கம் என்கிற மாதிரி. கொஞ்சங்கொஞ்சமாக, விரலால் கூட்டிக் கூட்டி. அப்பா அப்படித்தான் சாப்பிடுவார். ஊரே கேட்கப் பேசுகிறவர் சாப்பிடும்போது மட்டும் சுவரைப் பார்த்து உட்காருவார். இடது கை முழங்காலில். அம்மா சொல்வாள், உங்க சோத்த யாரு பிடுங்கப் போறா என்று. சாப்பிட்டு முடித்து, கல்லைத் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டு, அப்புறம்தான் அவளைப் பார்த்தது. நெருங்கின பழுப்புக் கண்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான். இது நேற்று. இதுவரைக்கும் சொல்லலாம். இதுவரைக்கும் வழக்கம். நேற்று எங்கள் வழக்கப்படி ஒரு காரியம் செய்தேன் மேடம், தெரியாமல் நடந்துவிட்டது. தெரியாமல். இதை ஆங்கிலத்தில் மூன்றுதரம் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொருதரமும் நன்றாகத்தான் இருந்தது. நேற்று என்ற சொல் வரைக்கும் நன்றாக இருந்தது. அதற்கு அப்பால் போகவில்லை. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், கால் அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தது.

வெயில் கூடாரத்துத் துணியைச் சூடாக்கி ஒரு ரப்பர் வாடையைக் கிளப்பியது. தூரத்தில் மற்றக் குரங்குகள் குரைத்துக்கொண்டிருந்தன, நாய் மாதிரியும் இல்லை, இருமல் மாதிரியும் இல்லை. ஒன்று குரைக்கும். நிற்கும். அந்த நிறுத்தம்தான் தாங்கவில்லை. பெண்டாட்டி இருக்குமோ. பிள்ளை இருக்குமோ. வளர்ந்த ஆண் குரங்கு என்றானே. சலோமேக்குப் பிள்ளை இருக்குமோ என்று அப்புறம்தான் நினைத்தாள், குரங்குக்கு முதலில் நினைத்துவிட்டு மனுஷிக்கு அப்புறம் நினைத்ததும் உடம்பு கூசியது. சலோமே நேற்று அவள் சுடிதாரைத் துவைத்து, செங்கல் மாதிரி மடித்து, மேலே ஒரு மஞ்சள் பூவை வைத்துக் கொடுத்தாள். முழங்கையில் என்றானே, எந்தக் கை? எந்தக் கை என்று கேட்கவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு, இன்று, அமாவாசை முடிந்துபோன இன்று, பிரதமை, எந்தச் சாஸ்திரமும் கேட்காத இன்று, நேற்றிரவு மிச்சச் சோறு கொஞ்சம் கிடைக்குமா என்று மஷாகாவிடம் போய்க் கேட்டு வாங்கினாள். காலையில் நாங்கள் சோறுதான் சாப்பிடுவோம் என்று பொய் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டுக் கூடவே ஒரு கரண்டி வைத்தார். எள் தூவவில்லை. இப்போது ஞாபகம் வந்தது. இன்று எள் தூவவே இல்லை. அப்படியென்றால் பருக்கையில் எள் இருக்காது, கையிலும் இருக்காது, இத்தனை நேரம் எள்ளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது எதற்கு? கா கா என்று கூப்பிடவும் இல்லை. காக்கையை அவள் நினைக்கவே இல்லை. கல்லில் வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் நின்று, வா என்று நினைத்தாள். வந்தது. நேற்றைப் போலவே உட்கார்ந்தது. முடித்துவிட்டுக் கல்லைத் தடவியது, போதவில்லை, நிமிர்ந்து மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடித்தது, சமையல் கொட்டகைப் பக்கம் பார்த்தது. அதை அவள் பார்த்தாள். அது அந்தப் பக்கம் பார்த்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நிறைந்த மனதோடு, பல் தேய்க்கப் போனாள்.

"கோமு." ராஜவேல் கூடாரத்துக்குள்ளிருந்து கூப்பிட்டான். உள்ளே போனாள். கட்டில் நுனியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டி அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். குனிந்த தலை நிமிராமல், "நீ யார்ட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்," என்றான்.

அவள் கேட்டாள், "எதை?"

"எதையா? காலையில வலை ஜன்னல் வழியாப் பாத்தேன். நீ வச்சத. அது வந்து தின்னத. நேத்தும் வச்சிருப்பன்னு நெனைக்கேன்."

பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் பதினோரு வருசமா இருக்காராம், பாவம் என்றான். பாவம் என்று சொன்ன வாய். கையைக் கழுவு என்றான். அவளுக்குத் தன் பயம் இருந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, அதற்கு இன்னும் பெயர் தெரியவில்லை. "பாத்தா ஏன் அப்பவே சொல்லல?"

"உங்கப்பா ஞாபகமா வைக்கேன்னு தெரிஞ்சுது. வைக்கட்டுமேன்னு விட்டேன். குரங்கு இப்படிப் பண்ணும்னு நான் கண்டேனா?" இப்போது நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. கெட்டவன் முகம் இல்லை, பயந்தவன் முகம். "இங்க பாரு. பூங்காக்குள்ள மிருகத்துக்குத் தீனி போட்டா கேஸு. என் பெர்மிட் மூணு மாசத்துல புதுப்பிக்கணும். கேஸ் இருந்தா தருவானா? கம்பெனி வச்சிக்கிடுமா? நாலு வருசமா சிமெண்ட்டுத் தூசியத் தின்னு நிக்கேன் கோமு இந்த நாட்டுல. மஷாகா நல்ல சமையல்காரரு. இந்த ஆத்தங்கரையில இதுமாதிரி இன்னும் பத்து முகாம் இருக்கு. எங்கயாவது சேத்துக்கிடுவாங்க."

"சேக்கலன்னா?"

"சேப்பாங்க."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. ஒரு சின்ன மௌனம், அவள் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பது, அதைத்தான் கேட்கிறான். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் நில், போதும் என்கிறான். நின்றுவிடலாம். ரெண்டு மணிக்கு வண்டி போய்விடும், தூசி அடங்கிவிடும், நாளைக்கு நாமும் போய்விடுவோம், டார் எஸ் ஸலாமில் மூன்றாவது மாடியில் அரிசி களைந்துகொண்டிருப்பேன். அரிசி என்றதும் அந்த வெள்ளைப் பருக்கை வந்தது. மஷாகா வைத்த அந்தக் கூடுதல் கரண்டி வந்தது. அவரே அள்ளிக்கொடுத்த சோறு. அவர் ஏன் அதைச் சொல்லவில்லை? இந்தியப் பெண்மணி காலையில் வந்து சோறு கேட்டாள் என்று ஏன் நெய்மாவிடம் சொல்லவில்லை? சொல்லியிருப்பாரோ. சொல்லி, நெய்மா, விருந்தினர் மீது பழி போடாதே என்றிருப்பாளோ. அல்லது அவருக்குத் தோன்றவே இல்லையோ, சோறு கேட்டு வாங்கினவள் அதைத் தின்றிருப்பாள் என்று நம்பிவிட்டாரோ. இந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவள் கூடாரத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

சாப்பாட்டுக்கு இரும்புத் தகட்டைத் தட்டினார்கள். மணி ஒன்று. கூரை வேய்ந்த கொட்டகையில் மூன்று மேசை. ஒன்றில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்து மேசையில் நெய்மா தடித்த நோட்டில் பூங்கா அலுவலகத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். மஷாகாவே பரிமாறினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஊருக்குப் போகும் கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். கோமதி முன்னால் பீன்ஸ் தட்டை வைத்தார். "கொஞ்சம் உப்புக் கூடிவிட்டது மேடம். இன்றைக்குக் கை சரியில்லை." அவள் எழுந்தாள். ராஜவேல் மேசைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "உக்காருட்டி," என்றான், உதடு அசையாமல். அவள் கையை இழுத்துக்கொண்டாள். வேகமாக இழுத்ததில் தட்டு நகர்ந்தது. நெய்மாவின் மேசைக்கு ஏழு அடி. ஏழாவது அடியில் எல்லா ஆங்கிலமும் போய்விட்டது.

"சொல்லுங்கள்," என்றாள் நெய்மா.

"சோறு நான் வைத்தேன்."

"என்ன? கேட்கவில்லை."

"சோறு," என்றாள். "குரங்குக்கு. நான்தான் வைத்தேன். மஷாகா இல்லை."

நெய்மா பேனாவை வைத்தாள். முதலில் மஷாகாவைப் பார்த்தாள், பிறகு இவளை, அலுப்பும் இரக்கமும் கலந்து. "மேடம், உங்களுக்கு நல்ல மனசு. போன வருடம் ஒரு விருந்தினர் டிரைவருக்காக இதே மாதிரி வந்து நின்றார். நீங்கள் காலையிலிருந்து அதிர்ச்சியில் இருக்கிறீர்கள். போய்ச் சாப்பிடுங்கள்."

நம்பவில்லை. இத்தனை நேரம் தூக்கிச் சுமந்து கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கால் தானாகத் திரும்பப் பார்த்தது, திரும்பினால் முடிந்தது, சொல்லியும் ஆயிற்று, நம்பாதது அவர்கள் பாடு. மஷாகா மரத்தூணோடு மரத்தூணாக நின்றார். "என் கணவர் பார்த்தார்," என்றாள் கோமதி. "காலையில். ஜன்னல் வழியாக. கேளுங்கள்."

கொட்டகையில் எல்லோரும் ராஜவேலைப் பார்த்தார்கள். அவன் கையில் கரண்டி இருந்தது. கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "நான் தூங்கிக்கொண்டிருந்தேன்," என்றான், நல்ல ஆங்கிலத்தில், நல்ல உச்சரிப்பில்.

ஆற்றிலிருந்து வந்த காற்று மேசைத்துணியைத் தூக்கியது தெரிந்தது. இவன்தானா. எட்டு மாதம். கை கட்டி நடந்தால் கெட்ட செய்தி என்று படித்துவைத்தேனே, இதை எங்கே படித்தேன். நெய்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்படியானால் உங்கள் கணவர் பொய் சொல்கிறார் என்கிறீர்களா?"

"ஆமாம்."

அது கத்தல் மாதிரி வந்தது. வெள்ளைக்காரக் கிழவி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். மஷாகா முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். நன்றி இல்லை அதில். காலையில் கேட்டு வாங்கிய சோறு எங்கே போனது என்று இப்போதுதான் கணக்குக் கூடிய பார்வை. அவர் சுவாஹிலியில் நெய்மாவிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். நெய்மாவின் முகம் மாறியது. நாற்காலியைக் காலால் தள்ளி, "உட்காருங்கள்," என்றாள். "மஷாகா, நீங்களும்."

"நான் நிற்கிறேன்," என்றார் மஷாகா.

கோமதி உட்கார்ந்தாள். நேற்று என்று ஆரம்பித்தாள். நிலவில்லாத நாள், இறந்துபோன தகப்பன், காக்கை, எங்கள் பக்கத்து வழக்கம். வாக்கியம் வாக்கியமாக நன்றாகத்தான் வந்தது. நெய்மா எழுதிக்கொண்டே வந்தாள், ஒரு இடத்தில் தலையாட்டவும் செய்தாள். "எங்களிடமும் இறந்தவர்களுக்கு உண்டு," என்றாள். பிறகு பேனாவை நிறுத்தினாள். "நேற்று உங்கள் அப்பாவுக்கு. புரிகிறது. இன்றைக்கு யாருக்கு?"

அவளுக்குப் பின்னால் ராஜவேலின் நாற்காலி கரகரவென்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. எழுந்து வருகிறானா, எழுந்து போகிறானா, திரும்பிப் பார்க்கவில்லை. மஷாகா தூணைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார், பதில் தன் காதிலும் விழவேண்டும் என்பதுபோல. இதற்கும் வழக்கம் என்றே சொல்லிவிடலாம். இரண்டு நாள் வைப்போம் என்றால் நெய்மா எழுதிக்கொள்வாள், யார் போய்ச் சரிபார்க்கப்போகிறார்கள்?

"இன்றைக்கு அந்தக் குரங்குக்கு," என்றாள். "அது வரவேண்டும் என்றுதான் வைத்தேன்."

நெய்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அதையும், அவள் சொன்ன சொற்களிலேயே, எழுத ஆரம்பித்தாள்.